கொக்கியில் இல்லாத குவளை

காப்பி வேண்டாம், சார்ஜென்ட். முப்பத்தொரு வருடமாக நான் காப்பியைத் தொட்டதில்லை. குடித்தால் விரல் நடுங்கும். என் வேலையில் விரல் நடுங்கினால் இருபது கோடி வருடத்துப் பழைய எலும்பு ஒன்று வீணாகிவிடும். வெந்நீர் இருந்தால் போதும்.

என் பெயர் செபோலை மொஃபோகெங். அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்பவன். மலையிலிருந்து வரும் கல்லில், எது கல், எது எலும்பு என்று பிரிப்பதுதான் என் தொழில். பேனா அளவில் ஓர் ஊசி இருக்கிறது, காற்றழுத்தத்தில் துடிக்கும். உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, அந்த ஊசியால் கல்லை மணல் மணலாகத் தட்டி எடுக்க வேண்டும். ஒரு மண்டையோட்டுக்கு ஏழெட்டு மாதம் பிடிக்கும். அதன் பிறகு படித்தவர்கள் வந்து, அளந்து, பெயர் வைத்துவிட்டுப் போவார்கள்.

லினேயோவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் தாடையில் ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

பல்லிக்குத் தாடை மாட்டியிருக்கும் எலும்பு வேறு, நமக்கு வேறு. நம் முன்னோர்களின் பழைய தாடை மூட்டு எலும்புகள் சிறுத்துச் சிறுத்து, இடம் மாறி, காதுக்குள் போய்விட்டன. இப்போது நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதே, அது அந்தப் பழைய தாடையின் தயவு. நடுவில் ஒரு காலம் இருந்தது. அப்போது எலி அளவு பிராணிகள், பழைய மூட்டு ஒன்று, புதிய மூட்டு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கள் மலைகளில் திரிந்தன. இரண்டு மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற தாடை கிடைத்தால் எங்கள் ஆட்களுக்கு அன்று கிறிஸ்துமஸ்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், லெசோத்தோ நாட்டு எல்லைப் பக்கம் ஓர் ஆட்டுப்பண்ணையின் பின்சரிவில் அப்படி ஒரு மண்டையோட்டைக் கண்டேன். நான்தான் கண்டேன், குறித்துக்கொள்ளுங்கள். அதில் இடது பாதிதான் இருந்தது. வலது பாதி எப்போதோ உடைந்து சரிவில் எங்கோ போயிருந்தது. இடது பாதியை ஏழு மாதம் சுத்தம் செய்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை கடைசிப் படலத்தை எடுத்தபோது அடியில் இரண்டு குழி தெரிந்தது. இரண்டு மூட்டு. என் கண்ணால் பார்த்தேன். சந்தோஷத்தில் மூச்சை விட்டேனோ என்னவோ, ஊசி மயிரிழை நகர்ந்தது. மூட்டு தூளாகிவிட்டது. தூசி உறிஞ்சும் குழாய் அந்தத் தூளை இழுத்துக்கொண்டது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. உடைந்த இடத்தைப் பசையும் கல்தூளும் வைத்து நிரப்பலாம், ஆனால் அதில் கொஞ்சம் நீலம் கலக்க வேண்டும். எது எலும்பு, எது எங்கள் கைவேலை என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அன்று நான் நீலம் கலக்கவில்லை. நான் எதையும் இட்டுக்கட்டவில்லை, சார்ஜென்ட். பார்த்ததைப் பார்த்தபடியே திரும்பச் செய்து வைத்தேன். மூன்று நாள் ஆனது.

பேராசிரியர் ஹாட்டிங் வந்து உருப்பெருக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"செபோலை, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்பா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தப் பிராணிக்கு என் பெயரை வைத்தார்கள். அதுவரை கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது, அதில் ஒரு தடவை "உதவியாளர்" என்று மட்டும். இப்போது உலகத்தில் எந்த மொழியில் அந்தப் பிராணியைப் பற்றி எழுதினாலும் என் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். என் மனைவி பத்திரிகைச் செய்தியைச் சட்டம் போட்டு மாட்டினாள். தேவாலயத்தில் போதகர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

டாக்டர் லினேயோ மொகெத்தி இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலைக்கு வந்தாள். முப்பத்துமூன்று வயது, லெசோத்தோவில் மசேரு ஊர்க்காரி, நல்ல பெண். முதல் நாளே "மாமா" என்றாள். எங்கள் ஊரில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மதியத்துக்குச் சோளக்களி கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பங்கு வைப்பாள். அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவளிடம் இருந்த ஊதா விளக்கைத் தவிர. அந்த விளக்கை அடித்தால் எலும்பு ஒரு மாதிரி, பசை ஒரு மாதிரி ஒளிரும்.

மே மாதம், மலையில் குளிர் இறங்கிவிட்ட நேரம், மறுபடி அந்தப் பண்ணைக்கே முகாம் போனோம். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அந்த மூட்டு பளபளன்னு மின்னுது."

"எந்த மூட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க மாமா. ஜூன் பத்தாம் தேதி மண்டையோடு ஸ்கேனுக்குப் போகுது. அதுல எல்லாமே தெரிஞ்சிரும். அதுக்குள்ள நீங்களே பேராசிரியர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

"அது அங்க இருந்துச்சும்மா. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. நாங்க பாக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று எனக்குப் பயம் வந்தது. என் பெயரை அந்தப் பிராணியிடமிருந்து பிடுங்கமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஒரு முறை வைத்த பெயர் நிற்கும். ஆனால் இனி யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

குவளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் இரண்டு தடவை கேட்டீர்கள். எங்கள் லாரியின் பக்கவாட்டில் பன்னிரண்டு கொக்கிகள் இருக்கின்றன. மலைக்குப் போகிறவர் தன் எனாமல் குவளையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன் குவளையைத் தானே எடுத்துக் காப்பி ஊற்றிக்கொள்வார். கொக்கியில் ஒரு குவளை தொங்கினாலும் ஓட்டுநர் சாவியைத் தொடக்கூடாது. முன்பு ஒரு மாணவனை மலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். மறுநாள் காலையில் நீலம் பாரித்த உதட்டோடு கண்டெடுத்தோம். அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. கொக்கிகளை அடித்தவன் நான்தான். காப்பி குடிக்காவிட்டாலும் எனக்கும் ஒரு குவளை உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் லினேயோ அந்தப் பழைய பின்சரிவுக்குக் கிளம்பினாள். வலது பாதியைத் தேடப் போகிறாளாம். நானும் போனேன். ஒன்றேமுக்கால் மணி இருக்கும். சிவப்பு மண்கல் விளிம்பு ஒன்று அவள் காலடியில் சரிந்தது, அவளும் சேர்ந்து சரிந்தாள். நான் தள்ளவில்லை. நாலடிக்கு அப்பால் இருந்தேன். கீழே இறங்கிப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்தது.

"இருபது கோடி வருஷமா விழாத கல்லு, மாமா, எனக்குன்னு விழுது பாருங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். முகம் சாம்பலாக இருந்தது.

"அசையாத. நான் போய் ஆளக் கூட்டிட்டு வர்றேன்."

"போனு லாரியிலேயே கெடக்கு, மாமா. சீக்கிரம் வாங்க. குளுருது."

என் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். தண்ணீரையும் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இதை யாரும் சொல்லமாட்டார்கள். திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து ஒரு முறை "மாமா" என்று கூப்பிட்டாள். எதற்கு என்று தெரியவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

லாரிக்கு நாற்பது நிமிட நடை. வழி முழுக்க, சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். லாரியில் இரண்டே குவளைகள் தொங்கின, என்னுடையதும் அவளுடையதும். மற்றவர்கள் வந்து உள்ளே ஏறிவிட்டிருந்தார்கள். பேராசிரியரின் வேன் வாரக்கடைசிக்குப் போக வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு ஒன்றரைக்கே புளூம்ஃபொன்டெய்ன் நகரத்துக்குப் போய்விட்டது. அங்கே இருக்கும் அம்மாவைப் பார்க்க அதில் போனாலும் போவேன் என்று லினேயோ காலையில் சொல்லியிருந்தாள். லாரி ஓட்டுநர் புலானே முன்பக்கத்தைத் திறந்து எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். நான் என் குவளையை எடுத்தேன். பிறகு அவளுடையதையும் எடுத்தேன். ஊதா நிறம், விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கும். பைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு குவளை எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் ஆனது.

புலானே தலையை நீட்டினான். "கோட்டு எங்கண்ணே? வெயிலுக்கு வித்துட்டியா?"

"மலையில வச்சிட்டேன்."

"மறதிக்காரன்யா நீ. டாக்டரம்மா?"

நான் பையின் நாடாவை இறுக்கிக் கட்டினேன். அவனே கொக்கிகளைப் பார்த்தான்.

"கப்பு இல்ல. வேன்ல போயிருக்கும். ஏறு, ஏறு."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவனாக ஒரு முடிவுக்கு வந்தான். நான் ஏறி உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மலையில் பனி விழுந்தது. வீட்டு ஜன்னலிலிருந்தே தெரிந்தது. மாமியார் வீட்டுக் கதவின் கீல் கழன்றிருந்தது, போய்ச் சரிசெய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனேன். மனைவி பையைக் காலி செய்தபோது, "யாரோட கப்புங்க இது?" என்று கேட்டாள். ஆய்வகத்தினுடையது என்றேன். கழுவிக் கவிழ்த்து வைத்தாள். திங்கட்கிழமை எடுத்துப் போய் ஆய்வக அலமாரியில் வைத்தேன். உங்கள் ஆட்கள் அங்கேதான் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை பேராசிரியர், "லினேயோ எங்க? உன் லாரியிலதானே வந்தா?" என்று கேட்டார். புலானே, "உங்க வேன்லதானே வந்தாங்க?" என்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புலானே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேடப் போனவர்களுக்கு வழி காட்டியது நான்தான். அந்தச் சரிவை என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. நேராகக் கூட்டிப் போனேன். அது புத்திசாலித்தனம் இல்லை என்று பிறகு புரிந்தது. ஆனால் அவளை இன்னொரு நாள் அங்கே கிடக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

பாறையில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள். அவள் மேல் என் கோட்டு இல்லை. பக்கத்தில், மடியோரமாக, சுருட்டி வைத்திருந்தது. புலானே பிரித்தான். உள்ளே உள்ளங்கை அளவு கல். அவளோடு சரிந்து விழுந்த அந்த விளிம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது, மண்டையோட்டின் வலது பாதி. உறைபனியில் ஈரக்கல் வெடித்துவிடும், அதனால் எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் முதலில் கல்லைத்தான் போர்த்துவார்கள். நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். கோட்டை நான் அவளுக்குத்தான் கொடுத்தேன், கல்லுக்கு இல்லை. அதை அவள் யோசித்திருக்கலாம்.

நோட்டுப்புத்தகத்தை நான் எடுக்கவில்லை. களக்குறிப்பை யாரும் தொடக்கூடாது. பேராசிரியர் அங்கேயே பனியில் நின்று சத்தமாகப் படித்தார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், 1.55, மாமா ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார். 3.30, லாரி சத்தம் கேட்டது, வருகிறார்கள். 5.00, சத்தம் நின்று ஒரு மணி நேரம் ஆகிறது, டயர் பஞ்சராயிருக்கும். இதற்கு மேல் பேராசிரியரால் படிக்க முடியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புலானே மட்டும் பார்க்கவில்லை. அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். சனிக்கிழமை, கை விறைத்த எழுத்து. பேனாக்கத்தியால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறியிருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே, வெளியிலிருந்து உள்ளே. படம் வரைந்திருக்கிறாள். இரண்டு குழி, பக்கத்தில் பக்கத்தில். கீழே எழுதியிருக்கிறாள்: "மாமா பார்த்தது சரி. அவர் வந்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை, சார்ஜென்ட். அந்த வரியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்ததே இல்லை. இனி யாரும் சிரிக்க முடியாது. கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். அவள் விழுந்ததைப் பார்த்தேன், குவளையை எடுத்தேன், திங்கட்கிழமை வரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் செத்துப்போவாள் என்று தெரியும். எல்லாம் உண்மை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் கோப்பில் வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் நகல் மட்டும்தான் இருக்கிறது. அதில் நான் ஆள் கூட்டிவரப் போனதாக எழுதியிருக்கிறாள், அது தவறு. சனிக்கிழமைப் பக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். அதில் சரியாக எழுதியிருக்கிறாள்.