ஏழாம் கொக்கி

குக்கர் விசில் அடித்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும், ஐயா. இப்படிப்பட்டவனுக்குத் துப்பாக்கி சுடும் கிளப்பில் என்ன வேலை என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். பாதுகாப்பு வேலைக்குப் பயந்தவன்தான் சரியான ஆள். தைரியசாலி எதையும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டான். நான் மூன்று முறை பார்ப்பேன். கிளப்பில் எனக்குப் ‘பயில்வான்’ என்று பட்டப்பெயர். கேலிதான், நான் கண்டுகொள்வதில்லை.

இடத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள். இந்தப் பக்கம் தகரக்கூரை போட்ட மேடை, பன்னிரண்டு பேர் நின்று சுடலாம். நூறு கெஜத்தில் இலக்குகளை மாட்டும் மரச்சட்டங்கள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு, சுற்றிலும் கம்பிவேலி. சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. பச்சை எரிந்தால் சுடலாம். பச்சைக்கு முன்னால் சைரன் ஒலிக்கும். மேடையில் நிற்பவர்கள் காதுமூடி போட்டிருப்பார்கள், அவர்களுக்கு விளக்கே போதும். சைரன், அந்தப் பக்கம் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் அவருக்காக.

என் நாற்காலிக்கு எதிரே வெள்ளைப் பலகை. அதில் இருபது கொக்கி, கொக்கிக்கு ஒரு பித்தளை வில்லை, ஒவ்வொன்றிலும் எண். இலக்குப் பக்கம் போகிறவர் ஒரு வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து மாட்ட வேண்டும். இருபதும் தொங்கினால்தான் நான் பச்சை போடுவேன். பத்தொன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. ஏற்பாடு செய்தவனும் நான்தான்.

சட்டங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் என் மனைவியின் தம்பி. என் சிபாரிசில்தான் சேர்ந்தான். எப்போதும் ஏழாம் வில்லையைத்தான் எடுப்பான். சட்டத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து போல்ட்டு முடுக்க ஆரம்பித்தான் என்றால், மேடையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. போன மாதம் ஒருநாள், ஏழாம் கொக்கியின் நிழலை வில்லை என்று நினைத்துப் பச்சை போட்டுவிட்டேன். சைரன் கேட்டதும் மச்சான் அப்படியே தரையோடு படுத்துவிட்டான். அவன் தலை இருந்த இடத்தில் சட்டத்தில் மூன்று ஓட்டை. கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான், முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

“என் தப்புதான் சார். வில்லை எடுக்க மறந்துட்டேன்” என்றான்.

ஏழாம் வில்லை அவன் உள்ளங்கைக்குள் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்காக அத்தனை வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டான், அதை நான் மறுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாமான் அறைக்குள் கூப்பிட்டான்.

“அத்தான், உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்குத் தெரியும். அக்காகிட்ட மூச்சு விடல. அரை மணி நேர ஆபரேஷன்தான், நானே கூட்டிட்டுப் போறேன்.”

“பாக்கலாம்டா.”

“இதத்தானே மூணு வாரமா சொல்றீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள டாக்டரைப் பாக்கலன்னா செயலாளர்கிட்ட நானே சொல்லிடுவேன். எனக்கு அந்தப் பக்கம் போகவே பயமா இருக்கு அத்தான்.”

முழித்திருக்கும்போதே கண்ணில் கத்தி வைப்பார்களாமே. அதைவிடப் பெரிய பயம், என் நாற்காலியில் பயமே இல்லாத ஒருவன் வந்து உட்கார்வான் என்பது. மூன்று முறை பார்க்காதவன். அத்தனை பேர் உயிர் அவன் கையில் இருக்கும். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை, சாவி செய்யும் கடையில் ஒரு பித்தளை வில்லைக்குச் சொன்னேன், ஏழு என்று பொறித்து. புதுசாகப் பளபளத்தது. கிரீஸ் துணியால் தேய்த்துப் பழசாக்கினேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு பேர் சுட வந்திருந்தார்கள். சைரனின் ஃப்யூஸைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். மச்சான் ஸ்பேனரோடு கிளம்பினான்.

“அத்தான், நான் போறேன். பலகையைப் பாத்துக்குங்க” என்றான். நாலடி போய்த் திரும்பி, அதையே இன்னொரு தடவை சொன்னான்.

தலையாட்டினேன். அவன் சட்டத்துக்குப் பின்னால் போய் உட்காரும்வரை காத்திருந்து, புது வில்லையை மாட்டிவிட்டுப் பச்சை போட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த பயம் என் விரோதிக்கும் வரக் கூடாது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நானே சிவப்புப் போட்டேன். முதலில் ஓடியதும் நான்தான். அவன் சட்டைப்பையிலிருந்து பழைய ஏழாம் வில்லையை எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் மற்றவர்களைக் கூப்பிட்டேன்.

“பாவம், மறுபடியும் வில்லை எடுக்க மறந்துட்டான்” என்று எல்லோரும் சொன்னார்கள். பல் டாக்டரம்மா தன் குண்டுதான் பட்டது என்று இன்றுவரை அழுகிறார். பதினொரு பேர் சுட்டதில் யாருடையது என்று எப்படிச் சொல்ல முடியும், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

நீங்கள் ஒருவர்தான் பலகையை எண்ணினீர்கள். எட்டாம் கொக்கி காலி. எட்டாம் வில்லை அவன் பேண்ட் பையில் இருந்தது. எட்டை எதற்கு எடுத்தான் என்று கேட்டீர்கள். அந்த மூன்று ஓட்டைக்குப் பிறகு அவன் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வில்லையாக எடுத்திருக்கிறான், ஐயா. இடைவெளி பெரிதாக இருந்தால் என் கண்ணுக்குத் தெரியும் என்று.

தெரிந்தது. அன்று காலை பலகையில் அந்த இடம் மட்டும் அகலமாக, வெறிச்சென்று இருந்தது. இரண்டு கொக்கி என்று தெரியவில்லை, காலி என்று நன்றாகவே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மாட்டினேன்.

விளக்குப் போட்டவரின் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினீர்கள். அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த நிழல் விஷயத்தை விட்டுவிட்டால், பத்தொன்பது வருஷத்தில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை. கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டினால் போதும்.

இன்னொன்று, ஐயா. நாளைக்கு மேடையைத் திறக்கிறார்களாமே. என் நாற்காலியில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள்? அவருக்குக் கண் நன்றாகத் தெரியுமா என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.