இரண்டாம் பல்லவியில் எடுத்த படம்

ஐம்பத்திரண்டு மணி நேரம் அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படம் தேர்ந்தெடுப்பதில் நான் எப்போதுமே மெதுவுதான். வேதியியல் படித்தவள். ஒரே மாதிரி இரண்டு இருந்தால், வித்தியாசம் பிடிபடும்வரை எனக்குச் சோறு இறங்காது.

சிட்லபாக்கத்தில் எங்கள் சபை வாலிபர் குழு நடத்திய இசை நிகழ்ச்சியில் எடுத்தவை. பாடியவள் ஜோவிதா. சண்டே ஸ்கூல் நாளிலிருந்து என் தோழி. மேடை ஏறுவதற்கு முன், "இந்த வாட்டியாவது டபுள் சின் தெரியாம எடுடி, ஊமைக்கோட்டான்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கையில் கேமரா இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

முதல் பாட்டின் பல்லவியை, இடையில் வாத்தியங்களை மட்டும் வாசிக்கவிட்டு, இரண்டு முறை பாடினாள். இரண்டு முறையும் ஒரே சொல்லில் கண்ணை மூடி, இடது கையை உயர்த்தினாள். முதல் படம் 6.41க்கு. இரண்டாவது 6.44க்கு. நான் நின்ற இடம்கூட மாறவில்லை.

இரண்டாவதில் முகம் நன்றாக இருக்கிறது. மைக் உதட்டை மறைக்கவில்லை. ஃபிரேம் முழுக்கச் சுத்தம். முதல் படத்தின் இடது மூலையில், லைட் ஸ்டாண்டின் கால்மேல் ஒரு மணல் மூட்டை தெரிகிறது. பச்சை எழுத்துப் போட்ட பழைய உரச் சாக்கு. பார்ப்பவர் கண் நேரே அதற்குத்தான் போகும்.

6.58க்கு ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அந்த ஸ்டாண்ட் விளக்குகளோடு ஜோவிதா மேல் சாய்ந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

விளக்குகளைக் கட்டியவர் பம்மல் குமரவேல். மணல் மூட்டை மேடைக்கு அடியில் கிடந்தது. கொண்டுவந்தவர் அதை ஸ்டாண்டின் காலில் வைக்க மறந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜோவிதா இறந்த அன்று மாலை அவர் பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மூட்ட நான் வெச்சேன் சிஸ்டர். இந்தக் கையாலதான் வெச்சேன். ஒருத்தனும் நம்ப மாட்றான். நீங்கதான் முன்னாடியே நின்னுகினு இருந்தீங்க. உங்க கேமராவுல கண்டிப்பா கீது. கொஞ்சம் பாருங்க."

"பாத்துட்டு சொல்றேண்ணா" என்றேன்.

"பொண்ணுக்கு ஒன்றரை வயசு சிஸ்டர். என்னை உள்ள வெச்சுட்டா பேஜாராப் பூடும்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சொம்பைத் துடைத்துத் தந்தார்.

அடுத்த நாள் இரவு பாஸ்டர் தயாளன் போன் செய்தார். "ஸ்டேஷன்ல மேடைப் படம் கேக்குறாங்கம்மா. தெளிவா ஒண்ணு அனுப்பு. அஞ்சலி போஸ்டருக்கும் அதையே போட்டுடலாம்."

ஒன்று என்றுதான் கேட்டார். நான் இரண்டாவதை அனுப்பினேன். எந்தப் போட்டியிலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். முதல் படத்தை அழித்தேன். அது என் வழக்கம்தான், ஒரே மாதிரி இரண்டை நான் வைத்துக்கொள்வதில்லை.

அந்தப் படத்தைக் காட்டித்தான் குமரவேலைக் கைது செய்தார்கள். பாட்டு நடக்கும்போதே காலில் மூட்டை இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறதாம். அஞ்சலிக் கூட்டத்தில் அதே படம் ஆளுயரத்துக்கு நின்றது. ஜோவிதாவின் அம்மா ஞானஜோதி ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு உன் படத்துலதான்மா உசுரோட இருக்கா" என்றார்கள். என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

குமரவேல் மூட்டையை வைத்தார். அவர் வைத்ததை நான் பார்த்தேன். அது எதற்காக என்று எனக்குத் தெரியும், அடியில் கனம் இல்லாத எதுவும் சாயும். ஆனால் அது படத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை நகர்த்தச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கலாம், எனக்குக் கூச்சம். முதல் பல்லவி முடிந்து வாத்தியங்கள் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தபோது, குனிந்தபடியே மேடையோரம் போய் அந்த மூட்டையை இழுத்து மேடைக்கு அடியில் தள்ளியது நான்தான்.