ஜெயிச்ச வண்டிக்கு ஈயம்

— தங்கச்சி, ஹெல்மெட்டை மாட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கிட்ட வா. உனக்கு ஒரு நல்ல கதை சொல்றேன்.

— வண்டியை வரிசையில நிறுத்தக் கூப்பிடப் போறாங்க. இப்ப என்ன கதை அண்ணே?

— சின்னக் கதைதான். ஒரு வண்டி இருந்துச்சாம். ஓடின பந்தயத்துல எல்லாம் அதுதான் முதல்ல வந்துச்சாம். பார்க்கிறவங்களுக்குப் பொறுக்குமா? ஜெயிச்ச வண்டி அடுத்த பந்தயத்துல ஈயக்கட்டி சுமந்துதான் ஓடணும்னு எவனோ ஒருத்தன் சட்டம் கொண்டுவந்தான். அவன் வீடு விளங்குமா?

— நம்ம வண்டியத்தான் சொல்றே.

— குறுக்க பேசாதே. அந்த வண்டிக்கு ஒரு மெக்கானிக். கூடப்பிறந்த தங்கச்சிதான் ஓட்டுறா. கோப்பைக்கு இன்னும் இந்த ஒரு பந்தயம்தான் பாக்கி. பச்சை வண்டிக்காரன் முதுகுலயே மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிறான். அப்ப மெக்கானிக் என்ன பண்ணான் தெரியுமா?

— என்ன பண்ணான்?

— எடை போட்டு அனுப்பின கையோட, சீட்டுக்குப் பக்கத்துல முடுக்கியிருந்த கட்டியை எல்லாம் கழட்டிட்டான். இதோ, இந்த டயருக்குப் பின்னால கோணிக்குள்ள தூங்குது. ஓடி முடிச்ச பிறகு எவனும் எடை போடமாட்டான். கதை முடிஞ்சுது, ஹெல்மெட்டை மாட்டு.

— திரும்ப முடுக்கு அண்ணே.

— என்னது?

— கட்டியை எடுத்துட்டு வா. ஸ்பானர் எங்க?

— உனக்கு வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா? ஈயத்தோட வளைவுல திரும்பினா, விருந்து சாப்பிட்டு எந்திரிக்கிற உன் மாமனார் மாதிரி அசையுதுன்னு நீதானே சொன்னே.

— சொன்னேன். போன வருஷம் கடைசிப் பந்தயம் ஞாபகம் இருக்கா?

— இல்லாமயா? பாதியிலயே உன் கண்ணாடியில வேற ஒரு வண்டி தெரியல. அப்படி ஒரு ஓட்டம்.

— நான் ஜெயிச்சு வந்தப்போ யாரு கை தட்டினா?

— நான் தட்டினேன். உங்க அண்ணி தட்டினா.

— அப்புறம்?

— டீக்கடைக்காரர் தட்டியிருப்பாரு.

— அவரு பாய்லரைக் கவுத்துக் கழுவிட்டிருந்தாரு. மத்தவங்க எல்லாம் பஸ் பிடிக்கப் போயாச்சு. யாரு முதல்ல வருவான்னு தெரிஞ்ச பந்தயத்தை எதுக்கு உக்காந்து பார்க்கணும்? இடத்துக்காரர் இந்த மைதானத்தைக் கிடங்குக்கு விட்டுடலாம்னு அளக்க ஆள் கூட்டிட்டு வந்தாரே, மறந்துட்டியா?

— எப்படி மறக்கும்? இந்த வருஷக் கடைசிப் பந்தயத்தைப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வேன்னாரு. இந்தப் பந்தயப் பாதை போயிட்டா நாம ரெண்டு பேரும் எவன் வண்டியையாவது கழுவ வேண்டியதுதான்.

— ஷட்டரைத் தூக்கி வெளியே பாரு.

— பார்க்கிறேன். அடேயப்பா, படிக்கட்டுல கூட உக்காந்திருக்காங்க.

— இடத்துக்காரர்?

— முன் வரிசையில. கையில பச்சைக் கொடி வேற. நன்றி கெட்ட மனுஷன்.

— ஆட்டட்டும். அவருக்கும் யாரு ஜெயிப்பான்னு தெரியல பாரு.

— நீ தோத்துட்டா?

— தோத்தாலும் தோப்பேன். எனக்கே தெரியல அண்ணே. காலையில இருந்து மூணு தடவை அந்த வளைவை நடந்து பார்த்துட்டு வந்துட்டேன். முதல் பந்தயத்தன்னிக்குப் பண்ணேனே, அதே மாதிரி. நல்லா இருக்கு.

— என்னத்த நல்லா இருக்கோ. இந்தா, கட்டியைப் பிடி. ஆனா ஒண்ணு, இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் மட்டும் என் கையில கிடைச்சான், அவன் வீடு...

— விளங்கணும்னு சொல்லு. பந்தயக் கமிட்டிக்காரங்க வாசல்ல நின்னு, என் வண்டிக்கு ஈயம் ஏத்துங்கன்னு கேட்டு வாங்கினவ நான்தான்.

— நீயா?

— வாயை மூடிக்கிட்டு போல்ட்டை முடுக்கு. கூப்பிட்டாச்சு.

— முடுக்கிட்டேன். வளைவுல பார்த்துத் திரும்பு. அப்புறம் அந்த வீடு இருக்கே, அது நல்லா விளங்கட்டும். வெளியே இருக்கிற படிக்கட்டு மாதிரி எந்நாளும் ஆளும் சத்தமுமா நெறைஞ்சு இருக்கட்டும்.