இறுக்கிப் பார்க்கிற கை

உங்கள் ஸ்டேஷனில் சீஸ் ரோல் பிரமாதம் சார். வெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் தடவியிருக்கிறார்கள். எங்கள் சவுத்லாந்துப் பக்கத்தில் ஒரு மனிதனை மதிக்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நான் வந்தது லாக்லனுக்காக. துப்பாக்கியைச் சரியாகக் கவனிக்காமல் சொந்தத் தம்பியையே கொன்றுவிட்டான் என்று அவன்மேல் வழக்குப் போடப் போகிறீர்களாம். அது அநியாயம்.

லாக்லன், அவன் தம்பி ஹேமிஷ், நான். ஏப்ரலில் ஆண்மான்கள் கத்தத் தொடங்கினால் மூவரும் மான் வேட்டைக்கென்று மலைக்குடிசைக்குப் போய்விடுவோம். எல்லார் துப்பாக்கியிலும் சைலன்சர் உண்டு. காதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. ஆனால் அது குழல் நுனியில் இருக்கும் மரையில் திருகி மாட்டுகிற சாமான். சுட்டுக்கொண்டே இருந்தால் தளரும். தளர்ந்தால் கோணும். கோணினால் குண்டு உள்ளே உரசி, எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தினமும் காலையில் மூன்றையும் நான்தான் திருகிப் பார்ப்பேன். எனக்கு 'ஆயா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஆயா வந்தாச்சு, துப்பாக்கிக்கு மூக்கு சிந்தி விடுவா, நீட்டுடா," என்பான் லாக்லன்.

"சிரிங்கடா, சிரிங்க. உன்னோடது எப்படி லொடலொடன்னு ஆடுது பாரு."

"நீ இல்லேன்னா நாங்க என்ன ஆவோம்!" என்று ஹேமிஷ் தொப்பியைக் கழற்றிக் குனிவான்.

கிண்டல்தான். ஆனாலும் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். வீட்டில் என்னிடம் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அவர்கள் அதை மறந்துவிடக் கூடாதே என்று, சாயங்காலம் இருவரும் பாத்திரம் கழுவ ஓடைக்குப் போகும்போது நானே கொஞ்சம் தளர்த்தி வைப்பேன். காலையில் நானே இறுக்கிவிடுவேன். வருஷா வருஷம் நடந்ததுதான். யாருக்கு என்ன நஷ்டம்?

இந்த வருஷம் லாக்லன் பூட்டு வளையம் வைத்த புதுச் சைலன்சர் வாங்கி வந்தான்.

"இது தானா கழலவே கழலாது. இனிமே ஆயாவுக்கு ஓய்வு," என்றான். ஹேமிஷ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வலித்தது, மறைப்பானேன்.

மறுநாள் காலை நான் கேட்கத்தான் செய்தேன். "குடேன், ஒருதடவை பாத்துடறேன்."

"நேத்தே நல்லா இறுக்கிட்டேன். உன் வேலையப் பாருடா."

வற்புறுத்துவது என் சுபாவம் இல்லை. கொடுத்திருந்தால் கண்டிப்பாக இறுக்கியிருப்பேன். ஹேமிஷ் வலப்பக்கச் சரிவில் உட்கார்ந்து தொலைநோக்கியில் மானைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாக்லன் நேராகத்தான் குறிபார்த்தான். மானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடக்கத்தன்று லாக்லன் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ கேட்டப்பவே குடுத்திருக்கணும்டா," என்று அழுதான். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் கிண்டல் இல்லாமல் அவன் அதை ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள் சார். லாக்லன் கவனக்குறைவானவன் இல்லை. நன்றாகத்தான் இறுக்கியிருந்தான். அந்த வளையத்தைத் தளர்த்த எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் யாரும் துப்பாக்கியை என்னிடம் காட்டாமல் வேட்டைக்குக் கிளம்புவதில்லை. அதற்கப்புறம் ஒரு விபத்தாவது நடந்திருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.