கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

இறந்தவர்கள் மூன்றே மூன்று காரணங்களுக்காகத்தான் இந்தப் பூமிக்குத் திரும்பி வருவார்கள்: தீராத பாசம், தீர்க்காத பழி, கிடைக்காத நீதி. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் சொல்லப்போகிற மனுஷன் திரும்பி வந்தது, பஸ்ஸுக்கு ஸ்டியரிங் பாக்ஸ் சரிபண்ண.

சிரிக்காதே. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார். கரண்ட் இப்போதைக்கு வராது.

விடிகாலை நாலு பத்து. கால்வாய் ஓரமாகப் போகிற சாலை. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. முதல் நடை, காலி பஸ். ஓட்டியவருக்கு ஷெட்டில் பேர் ‘நிதானம்’. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமாட்டார். வளைவு வந்தது. ஒடித்தார். பஸ் திரும்பியது. வளைவு முடிந்தது... ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. பிடித்த பிடியிலேயே நின்றது. அப்புறம் கால்வாய்தான்.

ஏன் வரவில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஷெட் மேனேஜர். இன்னொருவர் என் சிநேகிதனின் மச்சான், அங்கே ஃபிட்டர்.

முந்தின நாள் நடந்தது இது. பஸ் பதினெட்டு வருஷத்துப் பழசு. ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம் என்று நிதானம் மூன்று தடவை புகார் நோட்டில் எழுதியிருந்தார். மூன்றாவது தடவை மேனேஜர் படித்தார். பச்சை மையில் ‘ஆட்டத்தை அடக்கவும்’ என்று உத்தரவு போட்டார்.

ஸ்டியரிங் பாக்ஸ் மேல் ஒரு ஸ்க்ரூ, அதற்கு ஒரு லாக் நட்டு. ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுற்றி எண்ண வேண்டும். ஐந்தரைச் சுற்று. அதில் பாதி திரும்பி வந்தால் சக்கரம் நேராக நிற்கும். அங்கே வைத்துத்தான் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ஒடித்த நிலையில் முடுக்கினால் அப்போதைக்குச் சரியாகத் தெரியும். நடுவுக்கு வரும்போது கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்குச் சக்கரத்தை நேராக்க இடமில்லை. பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழிக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். பூஜாடி, மைக், பெரிய பேனர்: ‘விபத்தில்லா ஆண்டு, முதல் பரிசு’. பஸ்ஸின் இடது சக்கரம் மேடைக் காலில் முட்டிக்கொண்டு ஒடித்தபடி நின்றது.

“சார், சக்கரம் நேரா நிக்கணும். மேடையை ஒரு அடி நகர்த்தினா...” என்றார் மச்சான்.

“சாயங்காலம் பெரிய ஆபீசர் வர்றாருப்பா. பேனர் கோணிக்கும். நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

பண்ணிக்கொண்டார். வேலைக்கும் பேர் அட்ஜஸ்ட், செய்த காரியத்துக்கும் பேர் அட்ஜஸ்ட். இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருந்திருந்தால் ஒரு ஆள் பிழைத்திருப்பார்.

முதல் ரிப்போர்ட் வந்தது: ‘ஓட்டுநர் கண்ணயர்ந்தார்.’ இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு இரண்டே வார்த்தை. நிதானத்தின் மனைவி ஷெட்டுக்கு வந்தார். வேறு யாரும் நிமிர்ந்து பார்க்காததால் மச்சானிடம் வந்து நின்றார்.

“தம்பி, எம் பொண்ணை ஸ்கூல்ல தூங்குமூஞ்சி மகள்னு கூப்பிடறாங்க. அவர் தூங்கலன்னு ஒரு வார்த்தை... வேற எதுவும் வேணாம்.”

“விசாரணையில சொல்றேன்க்கா.”

சொல்வதாகத்தான் இருந்தார். அதற்குப் பெரிய வீரமும் தேவைப்படவில்லை. பாக்ஸ் முடுக்கினது முடுக்கினபடி இருக்கிறது. நிபுணர் வந்து சுற்றிப் பார்த்தால் தானாகத் தெரிந்துவிடும். மச்சான் ஆமாம் போட்டால் போதும்.

விசாரணைக்கு முந்தின ராத்திரி அவருக்கு நைட் ஷிப்ட். மணி மூன்று இருக்கும். ஷெட்டின் பின்பக்கம், நசுங்கின மூக்கோடு அந்த பஸ். பேட்டரியைக் கூடக் கழற்றியாகிவிட்டது. அங்கிருந்து... ம்ம்ம்ம்... ஸ்டியரிங்கைக் கோடி வரைக்கும் ஒடித்துப் பிடித்தால் பம்ப் முனகுமே, அந்த முனகல். கூடவே ஆயில் கருகுகிற வாடை. சேற்று வாடையும்.

டார்ச்சைக் கொண்டுபோனார். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டியரிங் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக. ஒன்று... இரண்டு... ஐந்து... அரை. நின்றது. அப்புறம் திரும்பியது. ஒன்று... இரண்டு... முக்கால்.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. ஈரமான கை. நகமெல்லாம் சேறு.

“பத்தொம்பது.”

பேய்க்கு ஸ்பேனர் எதுக்கு என்று கேட்காதே. எனக்கும் தெரியாது. மச்சான் அவசரத்தில் பதினேழைக் கொடுத்துவிட்டார். பதினேழு அதே கையில் திரும்பி வந்தது. பத்தொன்பதைக் கொடுத்தார்.

க்ரிக்... க்ரிக். கால் சுற்று தளர்த்தின சத்தம். நட்டு இறுகின சத்தம்.

“நேரா இருக்கா, பாருப்பா.”

பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

“நேராதான்ணே இருக்கு.”

“ம்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, கழுத்தைப் பிடிக்கவில்லை. மூன்று தடவை எழுதிப் போட்ட வேலை, ஆளில்லாவிட்டாலும் முடிய வேண்டும். அதுதான் அந்த மனுஷனுக்குக் குறை. கை உள்ளே போனது. விடிந்து பார்த்தபோது பாக்ஸில் ஒட்டியிருந்த சேறு கூடத் துடைத்திருந்தது.

பத்து மணிக்கு நிபுணர் வந்தார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்குச் சுற்றினார், அந்தக் கோடிக்குச் சுற்றினார். விட்டார். வெண்ணெய் மாதிரி நடுவுக்கு வந்து நின்றது. ஆட்டம் எவ்வளவு என்று அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

“பாக்ஸில ஒரு குறையும் இல்ல. ஆள் தூங்கித்தான் இருக்கணும்” என்று எழுதிக்கொண்டார்.

மேனேஜர் அரை நிமிஷம் திகைத்தார். அதற்கு மேல் தேவைப்படவில்லை. “நம்ம ஷெட்டு வேலை சார்” என்றார்.

மச்சான் வாயைத் திறந்தார். தப்பாக முடுக்கினேன் என்று சொல்லலாம். அப்படியானால் சரிபண்ணினது யார் என்று கேட்பார்கள். நிதானத்தின் மனைவி கதவோரம் நின்று இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு கரெக்டா யாருய்யா பண்ணினது?” என்றார் நிபுணர்.

மேனேஜர் மச்சானைக் காட்டினார். நிபுணர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

மச்சான், “தேங்க்ஸ் சார்” என்றார்.