ஹீட்டர் சுடாத வண்டி

பானட்டப் பொறவு திறக்கலாம்வே சங்கரசுப்பு, மொதல்ல வண்டிய ஷெட்டுக்குள்ள தள்ளுவோம். ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாக்கான். ஆமாவே, அதே அம்பாசிடர்தான். ஆவணியில மருமவனுக்குக் குடுத்தேம்லா, அதேதான். குன்னூர்லேருந்து அவரு டிரைவர் கொண்டாந்தான். திருவேங்கடம் ரோட்டு முக்குல சாவிய என் கையில குடுத்துட்டு பஸ் ஏறிட்டான். வீட்டுக்குக்கூடப் போகல, நேரா இங்கனதான் வாரேன்.

என்ன கோளாறுன்னா, இஞ்சின் சூடே ஆவ மாட்டேங்காம். மீட்டர் முள்ளு அடியிலயே கெடக்கு. பெட்ரோலு குடியா குடிக்கி. ஹீட்டரப் போட்டா சும்மா ஒரு காத்து வருதாம், அதுல சூடே இல்லையாம். காலையில பனியோட பனியா டீ ஃபேக்டரிக்குப் போகுத மனுசன், கோவம் வரத்தான செய்யும்? ஒங்கப்பன் ஓட்ட வண்டிய எந்தலையில கட்டிட்டான்னு... சரி, அத விடும். நீரு வண்டியப் பாரும்.

ஸ்டார்ட் பண்ணியாச்சு. எத, ரேடியேட்டருக்குப் போகுத மேல் குழாயவா? தொடுதேன். அட, குன்னூர்லேருந்து ஓடி வந்த வண்டி, கை சுடாம வெறும் வெதுவெதுங்கு! அப்படி இருக்கப்படாதோ? ஓஹோ, இஞ்சின்ல சூடு ஏறுததுக்கு முந்தியே தண்ணி ரேடியேட்டருக்கு ஓடிப் போயி ஆறிருது. பொறவு ஹீட்டர் எங்க சுட!

கழட்டும், பாப்போம்... என்னது, உள்ள ஒண்ணுமே இல்லையா? சூடு ஏறுத வரைக்கும் தண்ணிய மறிச்சி வைக்குமே, அந்தத் தெர்மாஸ்டேட்டா? அட சங்கரா! அத நீருதானவே கழட்டிப் போட்டீரு, கல்யாணத்துக்கு முந்தி! இல்லங்கல, நாஞ்சொல்லித்தான் கழட்டினீரு. மலையேறும்போது தண்ணி கொதிச்சி, புள்ள நடுவழியில நின்னுரப்படாதேன்னு சொன்னேன். நம்மூரு வெயிலுக்கு எல்லா வண்டியிலயும் கழட்டத்தான செய்யுதோம்? குன்னூர் குளிர எவன் நெனச்சான்?

பழசு ஒண்ணு வச்சிருக்கீரா? அந்த டப்பாவுலயா? இப்பமே மாட்டிரலாமோ...

பின் சீட்டுல யாருன்னா கேக்கீரு? எம் மவதான். செண்பகம். வண்டியோட சேத்து அவளையும் அனுப்பி விட்டுட்டாரு. ஹீட்டரு சரியானா ரெண்டும் வரட்டும், இல்லன்னா ரெண்டும் அங்கனயே கெடக்கட்டும்னு டிரைவர்கிட்ட சொல்லி விட்டுருக்காரு. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கன்னு தெரியல. ஆடித்தவசா இருந்தாலாவது திருநாளுக்கு வந்துருக்கான்னு தெருவுல சொல்லிரலாம். இந்த மார்கழியில என்னத்தச் சொல்ல? அதான் பெத்த புள்ளைக்கு ஒரு வாய் சோறு போடாம, நேரா ஒம்ம ஷெட்டுக்குக் கொண்டாந்தேன்.

வாற வழியில ஒரே ஒரு வார்த்ததான் கேட்டா. ஹீட்டர் சரியாயிட்டா என்னைய இன்னைக்கே கொண்டு விட்ருவியளாப்பான்னு கேட்டா. நான் ரோட்டப் பாத்து வண்டிய ஓட்டுனேன். இந்த மத்தியான வெயில்லயும் சால்வையக் கழுத்த விட்டு எடுக்க மாட்டேங்கா. ஏன்னும் கேக்கல. நானெல்லாம் ஒரு அப்பன், தூ.

அந்த டப்பாவ மூடும்வே. இந்தச் சாமான் எங்கயும் கெடைக்காது, வண்டி இங்கனதான் கெடக்கணும்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லும். எனக்கு வாய் வர மாட்டேங்கு. நீரு சொல்லும், அவ காதுல விழட்டும்.