கண்டக்டரின் ரைட்

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில், கரியில் ஓடிய பஸ்ஸில் திருமயத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு நிறைமாதக்காரியும், வழியில் ஏறிய வெற்றிலைக் கூடைக்காரியும்.

கண்டக்டர் "ரைட்" என்றதும் பஸ் கிளம்பியது. நிறைமாதக்காரி கூடைக்காரியிடம் கேட்டாள்: "ரைட்டுன்னா என்னக்கா?"

"வண்டிய எடுக்கச் சொல்றாக."

"போன்னு சொன்னா ஆகாதா?"

"கெளம்புறவுகளப் போன்னு சொல்லலாமா ஆத்தா? போயிட்டு வான்னுதானே சொல்லணும். ஒவ்வொரு ஊருலயும் அம்புட்டையும் சொல்ல நேரமேது? அதான் ரைட்டுன்னு முடிச்சுக்கிறாக."

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் நிறைமாதக்காரி, பின் சீட்டிலிருந்த புருஷனோடு இறங்கினாள். இறங்கியவள் நகரவில்லை.

"தலைப்பிரசவம். பயமா இருக்குக்கா."

கூடைக்காரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ரைட்டு ஆத்தா, ரைட்டு!"

நிறைமாதக்காரி சிரித்துவிட்டாள். அவள் சிரித்தபடியே ஆஸ்பத்திரிப் படியேறி உள்ளே நுழையும்வரை கண்டக்டர் ரைட் சொல்லவில்லை.